வைப்பாறு: பெயரும் பெருக்கும்



ஆற்றைப் பாடாத புலவர் இல்லை என்பர். ஆயினும் பாடப்பெற்ற ஆறுகளைக் கணக்கெடுத்தால் அவை சிலவே. வைகைக்குப் பரிபாடல் உண்டு. காவிரிக்குச் சிலப்பதிகாரத்தின் கானல்வரி உண்டு. பொருநைக்கு நம்மாழ்வாரின் கரை என்னும் பெருமை உண்டு. பொருநையோடு சிற்றாறு கூடுமிடத்தில் முக்கூடற் பள்ளு பிறந்தது. வெள்ளத்தின் வரவை அந்நூல் பாடியது போலப் பாடியவை குறைவு. வாசுதேவநல்லூருக்கு மேற்கேயுள்ள மலைச்சரிவில் தலையெடுத்து, சாத்தூர் வழியாகவும் விளாத்திகுளம் வழியாகவும் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் சென்று, வைப்பாறு என்னும் கடற்கரையூரின் அருகே மன்னார் வளைகுடாவைச் சேர்கின்ற வைப்பாற்றுக்கு அத்தகைய பாட்டொன்று வாய்க்கவில்லை. தேவாரத்தில் தனிப்பதிகம் பெறாது, பிற ஊர்ப் பதிகங்களுக்குள்ளே பெயர் மட்டும் வைத்துப் பாடப்பெற்ற ஊர்களை வைப்புத்தலம் என்பது சைவ வழக்கு. அவ்வழக்கைச் சற்றே விளையாட்டாக நீட்டினால், தமிழிலக்கியத்தில் இவ்வாறு ஒரு வைப்பாறுதான்.

இந்த ஆற்றில் இப்பொழுது நீர் ஓடுகிறதா என்பது எவரும் முதலில் கேட்கும் வினா. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் செல்பவர் சாத்தூர்ப் பாலத்தின்மேல் நின்று பார்த்தால், ஆண்டின் பெரும்பகுதியில் அவர் காண்பது மணற்பரப்பும் சீமைக்கருவேல மரங்களும் ஆங்காங்கே தேங்கிய கழிவுநீரும்தாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் சில நாள், நல்ல ஆண்டாயின் சில வாரம், இரு கரையும் தொட்டு ஓடும்; பிறகு ஒடுங்கிவிடும். தென்மேற்குப் பருவத்தின் பெருமழை மலையின் மேற்குச் சரிவிலேயே இறங்கித் தீர்ந்துவிடுகிறது. கிழக்கே வருவது ஆனி, ஆடியின் சாரல். உடம்பை நனைக்கும், ஆற்றை நிறைக்காது. வாசுதேவநல்லூர்ச் சிந்தாமணிநாதர் கோயிலில் இறைவன் மாதொருபாகனாகவே கருவறையில் எழுந்தருளியுள்ளார். அங்கே பங்கீடு சரிபாதி. அவ்வூர்க்கு மேற்கே நிற்கும் மலை மழையைப் பங்கிடும்போது அந்த நேர்மையைக் கடைப்பிடிக்கவில்லை.

எனவே, ஓடுகிறதா என்னும் வினாவுக்கு இல்லை என்பதே பெரும்பாலும் விடை. ஆனால் அந்த வினாவே இவ்வாற்றுக்குப் பொருந்துமா என்று கேட்பதற்கு ஆற்றின் பெயரே இடம் தருகிறது.

வைப்பாற்றின் படுகையைப் பொதுப்பணித் துறையினர் 13 துணைப்படுகைகளாகப் பகுத்துள்ளனர். நிட்சேபநதி, கலிங்கலாறு, தேவியாறு, நாகரியாறு, செவல்பெரியாறு, காயல்குடியாறு, அர்ச்சுனாநதி, கௌசிகாநதி என்று நீளும் அந்தப் பட்டியலில் நிட்சேபநதி தெற்குக் கிளை. கரிவலம்வந்தநல்லூர்ப் பால்வண்ணநாதர் கோயில் அதன் கரையில் உள்ளது. நிட்சேபம் என்னும் வடசொல்லுக்கு வைப்பு, அடைக்கலப் பொருள், புதைத்துவைத்த செல்வம் என்பன பொருள். பழைய கிரய ஆவணங்களில் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் உரிமைகளை அடுக்கும்போது நிதி, நிட்சேபம், சலம், தரு, பாடாணம் என்று எழுதுவது வழக்கம். வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்துப் பத்திரம் வைத்திருப்போர் எடுத்துப் பார்க்கலாம். ஆக, ஒரே நீர்த்தொகுதியில் கிளையொன்று வடமொழியில் எந்தப் பெயரைப் பெற்றதோ, அதையே பேராறு தமிழில் பெற்றிருக்கிறது. எது மூலம், எது மொழிபெயர்ப்பு என்று வழக்காடலாம். தமிழ்த்துறைகளில் அதற்கு ஒரு நாள் கருத்தரங்கம் நடத்தவும் கூடும். வைப்பு என்பதற்கு ஊர் என்னும் பொருளும் உண்டாதலின், பெயர்க்காரணம் இஃதொன்றே என்று சாதிப்பதும் முறையன்று. ஆயினும் ஆற்றின் இயல்போடு ஒட்டிப் பார்க்கையில், சேமிப்பு என்னும் பொருளே இயைபுடையது.

ஏனெனில் வைப்பாறு ஓடுவதற்காக மனிதர்கள் அமைத்துக்கொண்ட ஆறன்று. வைப்பதற்காக அமைத்துக்கொண்ட ஆறு. பொருநைக்கு இரண்டு பருவமும் நீர் தரும் பொதிகை உண்டு. வைப்பாற்றுப் படுகையின் மழை ஆண்டுக்குச் சராசரி ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஒன்றரை, இரண்டு மாதங்களுக்குள் கொட்டிவிடும். அந்த நீரை ஓடவிட்டால் மூன்றாம் நாள் கடலில் இருக்கும். ஆதலால் மலையடிவாரத்திலேயே கல்லணை கட்டி மறித்து, கால் வெட்டித் திருப்பி, குளத்தில் தேக்கினர். வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள தலையணை என்னும் இடத்தின் பெயரைக் கேட்டு வெளியூரார் சிரிப்பதுண்டு. தலைமாட்டில் வைக்கும் பஞ்சணை அன்று அது; தலைப்பில் உள்ள அணை. விடுமுறை நாளில் அங்கே குளிக்கப் போகும் இளைஞர்க்கு அச்சொல் இப்போது சுற்றுலா இடம் ஒன்றின் பெயர் மட்டுமே.

தலையணையிலிருந்து கீழிறங்கினால் சொற்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. மலைநீரைக் குளத்துக்குக் கொணர்வது வரத்துக்கால். குளத்தின் நீர்பிடி பரப்பு உள்வாய். பாசனத்துக்குத் திறப்பது மடை. நிறைந்த பின் மிகைநீர் வழிவது கலிங்கு, பேச்சில் கலுங்கு. வழிந்த நீர் செல்வது மறுகால். இந்த மறுகால் என்னும் சொல் சற்று நின்று பார்க்கத்தக்கது. ஒரு குளத்தின் மிச்சம் அங்கே முடிந்துபோவதில்லை. மறுபடியும் ஒரு காலாகிக் கீழுள்ள குளத்துக்கு வரத்தாகிறது. மேற்குளத்தாரின் கழிவு கீழ்க்குளத்தாரின் முதல். வைப்பாற்றின் கிளைகளுள் ஒன்றுக்குக் கலிங்கலாறு என்று பெயர் இருப்பதும், கலிங்கு வழிந்த நீரே ஆறாயிற்று என்று எண்ண இடந்தருகிறது. தென்காசிப் பக்கத்தில் குளம் என்று வழங்குவது சாத்தூர்ப் பக்கம் போனால் கண்மாய் ஆகிவிடும். சொல் மாறுகிறதே தவிரச் சங்கிலி அறுவதில்லை. மழைக்காலத்தில் இப்பகுதியின் தேநீர்க் கடைகளில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதைவிட, குளம் மறுகால் போகுதா என்னும் கேள்வியே மிகுதியாகக் காதில் விழும். வினவ வேண்டிய முறையை மக்கள் அறிந்திருக்கிறார்கள்.

இந்த அறிவு புதிதன்று. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனிடம், நிலம் குழிந்த இடமெல்லாம் நீர்நிலை பெருகச் செய்வோரே நிலைத்த புகழ் பெறுவர் என்று அறிவுறுத்திய புறநானூற்றுப் புலவரின் பெயர் குடபுலவியனார். குடபுலம் என்றால் மேற்கு நிலம். அவர் எந்த மேற்கைச் சேர்ந்தவர் என்பது ஒருபுறம் இருக்க, வானம் பார்த்த நாட்டின் அரசனுக்குப் போர்வெற்றியோடு குளத்தையும் பாடிய புலவர் அவர்.

இனி, வைப்பில் விழுந்த ஓட்டைகளைப் பற்றிப் பேச வேண்டும். அவற்றுள் முதலாவது மலைமேல் உள்ளது. செண்பகவல்லி அணைக்கட்டு என்னும் பெயரைச் சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்து வேளாளர் அறியாதவர் இலர். மேற்கே ஓடும் மலையோடையின் நீரில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்புதற்காகச் சிவகிரிப் பாளையத்தார் திருவிதாங்கூரோடு உடன்பட்டு 1733 ஆம் ஆண்டில் கட்டியது என்று கூறுவர். உயரமான அணையன்று, நீரை நிறுத்துவதற்கன்று, திசை மாற்றுவதற்கே கட்டியது. ஆங்கிலேயர் ஆட்சி, பாளையங்களின் வீழ்ச்சி, ஜமீன் முறை ஆகிய அனைத்தையும் கடந்து அது நின்றது. 1950-களின் நடுவில் உடைந்து செப்பனிடப்பட்ட அணை, 1960-களில் மீண்டும் உடைந்தது. அதற்குள் மொழிவழி மாநில எல்லைகள் வகுக்கப்பட்டு, அணை கேரளத்தின் காட்டெல்லைக்குள்ளும் அதன் பயன் தமிழ்நாட்டிலும் அமைந்துவிட்டன. செப்பனிடுவதற்குத் தமிழக அரசு தன் பங்காக 5 இலட்சம் ரூபாய்க்கு மேல் செலுத்தியது, பணி நடைபெறவில்லை. உயர் நீதிமன்றம் வரை வழக்குச் சென்று 2006 இல் சீரமைக்குமாறு ஆணையும் பிறந்தது. உடைப்பு இன்றும் அடைபடவில்லை. கிழக்கே திரும்ப வேண்டிய நீர் உடைப்பின் வழியே மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

உடைப்பு என்னும் இச்சொல்லைக் கேட்கும்போது வாசுதேவநல்லூரின் வரலாற்றில் மற்றோர் உடைப்பு நினைவுக்கு வராமல் இராது. நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டைகளுள் வாசுதேவநல்லூர்க் கோட்டையும் ஒன்று. 1767 இல் கர்னல் டொனால்டு காம்பெல் அதனை முற்றுகையிட்டு வீழ்த்தினார். பீரங்கி பிளந்த மண்மதிலை, குண்டுமழைக்கிடையே நின்று, வைக்கோலும் பனைமரமும் இட்டு அடைத்த வீரரின் துணிவைக் காம்பெல் வியந்து எழுதிய செய்தி கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரத்தில் இடம்பெற்றுள்ளது. இதனை வீரத்தின் செய்தியாக மட்டுமே மேடைகளில் சொல்லிவருகின்றனர்; அதில் தவறில்லை. ஆனால் அந்த வீரர் பலர் உழவரும் ஆவர். கரை உடைந்த குளத்தில் நள்ளிரவில் இடுப்பளவு நீரில் நின்று, வைக்கோற்பிரியும் பனந்துண்டும் மண்ணும் திணித்து உடைப்படைப்பது அவர்கள் ஆண்டுதோறும் செய்த வேலை. குளக்கரையில் கற்ற தொழில் கோட்டைமதிலில் உதவிற்று என்று கொள்வது வீரத்தைக் குறைத்ததாகாது.

அந்தத் தொழில் எங்கே போயிற்று என்பதற்கு விடை ஒன்றன்று. குடிமராமத்து என்பது ஊரார் தாமே கூடிச் செய்த பணி. 1858 இல் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தபோது, விருப்பாகச் செய்தது விதியாயிற்று. விதியானது நாளடைவில் வெறுப்பாயிற்று. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. அது வேண்டிய சீர்திருத்தமே. ஆயினும் ஜமீன் நிலங்களோடு அரசுக்கு வந்த கண்மாய்கள் அலுவலகக் கோப்புகளில் முன்னாள் ஜமீன் கண்மாய் என்னும் தனிச் சாதியாகவே நெடுங்காலம் நடத்தப்பட்டன. மராமத்துக்குரிய வரிசையில் அவை கடைசியில் நின்றன. ஆழ்துளைக் கிணறு வந்த பின், குளம் நிறைந்தால்தான் கிணறு ஊறும் என்பது மறந்து, என் நிலத்தடியில் என் நீர் என்னும் எண்ணம் வளர்ந்தது. புளியங்குடி எலுமிச்சை 2025 இல் புவிசார் குறியீடு பெற்றது, மகிழ்ச்சிக்குரிய செய்தி. அந்தப் பழத்தின் சாறு எந்தக் குளத்தின் ஊற்று என்று கேட்பாரைத்தான் காணோம். 2016-17 இல் குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே அரசுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. தூர் வாரிய குளங்கள் சில நிறைந்தன. வரத்துக்கால் ஆக்கிரமிப்பில் இருக்கும்போது உள்வாயை மட்டும் ஆழப்படுத்துவது, வாயை மூடிவிட்டு வயிற்றைக் கழுவுவது போன்றது என்று கரையில் நின்ற முதியோர் சொன்னதையும் பதிவு செய்வது நன்று.

இரண்டாவது ஓட்டை மணலில் விழுந்தது. வைப்பாற்றின் வைப்பு குளத்தில் மட்டும் இல்லை. மேலே வறண்டு கிடக்கும் மணலின் அடியில், மழை நின்ற பல மாதங்களுக்குப் பின்னும் நீர் இருக்கும். கோடையில் ஆற்றுக்குள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் கோரிக் குடம் நிறைத்த பெண்கள் கரையோர ஊர்களில் இன்றும் உள்ளனர். சாத்தூர் வெள்ளரிக்காயின் பெயர் வெளியூர்களில் பரவியதும் இந்த ஆற்றோரத்து ஈரத்தால்தான். ஆற்றில் நீர் இல்லை என்று கண்ணாற் கண்டவர், மணலை அள்ளினால் யாருக்கு இழப்பு என்று கேட்டார், பல்லாண்டு அள்ளினார். நீர் இல்லாத ஆறு என்று சொன்ன நாவும் மணலை ஏற்றிய வண்டியும் ஒரு வேலையைப் பங்கிட்டுச் செய்தன என்றுகூடச் சொல்லலாம். மணல் போன இடத்தில் சீமைக்கருவேலம் வேரூன்றிற்று.

வைப்பை இழப்பது இந்நாட்டுக்கு நீரில் மட்டும் நேர்ந்ததன்று. உ.வே. சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்கு வந்த செய்தி என் சரித்திரத்தில் உள்ளது. பாண்டியர் திரட்டிய ஏடுகள் அக்கோயிலில் இருந்தன என்று கேள்வியுற்று அவர் சென்றார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே விடை கிடைத்தது. சாத்திரத்தில் அப்படிச் சொல்லியிருப்பதாகக் காரணமும் கூறினர். நிட்சேபநதியின் கரையில் நிட்சேபம் ஒன்று எரிந்தது. எந்த நூல்கள் போயின என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. எரித்தவர் தீயோர் அல்லர். வைத்த பொருள் இன்னதென்று அறியாதவர். வரத்துக்காலைப் பட்டா நிலத்தோடு சேர்த்து உழுகின்றவரும் பெரும்பாலும் அத்தகையோரே.

ஆற்றின் தொன்மைக்கு இப்போது சான்று கூடியிருக்கிறது. வைப்பாற்றின் கரையில் வெம்பக்கோட்டை அருகே விசயகரிசல்குளத்தில் 2022 முதல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், பொன் அணிகள் கிடைத்தன. கடலின் சங்கு உள்நாட்டில் வளையல் ஆயிற்று என்றால், ஆற்றங்கரை ஒரு காலத்தில் தொழிற்கரையும் ஆகும். ஓயாது நீரோடும் ஆறாக இது அன்று இருந்தது என்பதற்கு அது சான்றன்று. குறைந்த நீரை வைத்துக் காத்து வாழக் கற்ற மக்கள் இங்கே நெடுங்காலம் வாழ்ந்தனர் என்பதற்கே சான்று.

பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் நீரை மலைக்குடைவின் வழியே வைப்பாற்றுக்குக் கொணரும் திட்டமும் ஒன்று உண்டு. தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995 இல் அணியமாக்கிய அறிக்கையின்படி ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் நீர் வர வேண்டும். தன் ஆறுகளில் மிகைநீர் இல்லை என்று கேரளம் மறுக்கிறது. திட்டம் தாளிலேயே நிற்கிறது. தேர்தல்தோறும் மேடையில் அந்த நீர் வரும். வாக்கு எண்ணியதும் வற்றிவிடும். வந்தால் நன்று. ஆனால் பக்கத்து மலையில் 1733 இல் வைத்த அணையின் உடைப்பையே அடைக்க வழி காணாதவர், பம்பையைத் திருப்பும் நாளை எண்ணிக் காத்திருப்பது எளிய உளவியலன்று.

இங்கே கவிஞர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அண்மைக் காலத்துப் புதுக்கவிதையில் ஆறு பெரும்பாலும் பிணமாகவே வருகிறது. மணல் அதன் எலும்பு, பாலம் அதன் பாடை, கருவேலம் அதன் தலைமாட்டு விளக்கு என்று உருவகம் அடுக்கி, கடைசி அடியில் ஒரு துளிக் கண்ணீரையும் வைத்து முடிக்கும் கவிதைகளுக்குக் குறைவில்லை. வைகைக்கோ பாலாற்றுக்கோ அது பொருந்தலாம். வைப்பாற்றுக்கு இரங்கற்பா பாடுகிறவர், ஓடும் ஆறு ஒன்றே ஆறு என்னும் காவிரிக்கரை இலக்கணத்தை இங்கே கொண்டுவந்து அளக்கிறார். கண்மாயைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்ததால் வந்த பிழை அது. இறந்தது என்று அறிவித்த பின் மருந்து எதற்கு என்று கேட்பார்க்கு அந்தக் கவிதை துணைபோகவும் கூடும்.

உரைநடை இதில் முன்னே நடந்திருக்கிறது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தபோது செய்ததும் ஒருவகைக் குடிமராமத்தே. சோ. தர்மனின் சூல் என்னும் புதினம் 2019 ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அதன் தலைமைப் பாத்திரம் மனிதரல்லர், உருளைக்குடிக் கண்மாய். நிறைந்த கண்மாயை நிறைசூலியாகக் கண்ட தலைப்பு அது. கண்மாய் எப்படி நிறைந்தது, யார் மடை திறந்தார், எந்த நாளில் யார் கை அதைக் கைவிட்டது என்பதையெல்லாம் அந்நூல் சொல்கிறது. இரங்குவதற்கு முன் விவரம் அறிந்த எழுத்து அது. கவிதை அந்த அளவு வரவில்லை என்று சொன்னால் இலக்கிய வட்டத்தார் வருந்த மாட்டார்கள் என்று நம்பலாம்.

வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணியைக் குறிப்பிடுவது பொருந்தும். தலையணை தொடங்கி, அர்ச்சுனாநதி வைப்பாற்றில் கூடும் இருக்கன்குடி வரை, ஒவ்வொரு குளத்துக்கும் பெயர் உண்டு. ஒவ்வொரு மடைக்கும் தனிப்பெயர் உண்டு. கலிங்குக்கும், வரத்துக்கால் பிரியும் இடத்துக்கும், கரைக்காவல் தெய்வத்துக்கும் பெயர் உண்டு. அவற்றுட் பல எந்த வரைபடத்திலும் இல்லை. மடைக்குடும்பர் வீட்டு முதியோர் வாயில் இருக்கின்றன. பட்டா மாறும்போது முதலில் அழிவது வாய்க்கால் அன்று, வாய்க்காலின் பெயர். பெயர் இருந்தால், இது இன்ன கால் என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் நீதிமன்றத்திலும் சுட்டிக் கேட்க இயலும். பெயரற்றது புறம்போக்காகி, புறம்போக்கு வீட்டுமனையாகிவிடும். உறுப்பினர் ஒருவர் தம் ஊர்க் குளம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் பெயர்களைக் கேட்டு எழுதினாலும், பக்கத்துக் குளத்தாரின் மறுகால் எங்கே வந்து சேர்கிறது என்பதை அடுத்த உறுப்பினரின் ஏட்டோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் தொடங்குவது நலம். அப்போதுதான் கால்களில் நீர் வரும். முதியோரும் குடையோடு கரைக்கு வந்து நிற்பர்.